ஞாயிற்றுக்கிழமையும் பாருங்க

கம்பெனியில் அவளுக்குச் செக்கரம்மா என்று பெயர். கப்பலேறப் போகும் சட்டைகளில் எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே பொத்தான் கோணியிருக்கிறது என்று பார்த்து, பிழையான இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பிழை தேடிப் பழகின கண், வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? கைப்பையில் எப்போதும் அரைச் சுருள் ஸ்டிக்கர் கிடக்கும்.

அதை அவள் வீட்டிலும் ஒட்டினாள். சுவிட்ச் பலகையில் தூசி இருந்தால் அங்கே ஓர் அம்பு. கழுவுதொட்டிக்கு அடியில் கறை இருந்தால் அங்கே ஓர் அம்பு. காலையில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் தூசியும் இருக்காது, அம்பும் இருக்காது. வாயால் சொன்னால் மனஸ்தாபம் வரும், எழுதி வைத்தால் அதிகாரம் மாதிரி இருக்கும், அம்பு ஒட்டினால் யாருக்கும் வலிக்காது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். ஒட்டுப்படுகிறவளைக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

ஒட்டுப்படுகிறவள் ஆயாம்மா. பெயரைக் கேட்டு வயசானவள் என்று நினைத்துவிடக் கூடாது, அவளுக்கு முப்பத்தெட்டுதான் இருக்கும், செக்கரம்மாவைவிட எட்டு வயது சின்னவள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நாளில் ஒட்டிக்கொண்ட பதவிப் பெயர் அது. செக்கரம்மாவின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துபோன பிறகு, அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொல்லி இவள் வந்து சேர்ந்தாள். எட்டு மாதமாகிறது. காலை எட்டேகாலுக்கு வந்தால் மாலை ஆறே முக்காலுக்குப் போவாள். போவதற்குள் அம்மாவைக் கழுவி, உடுப்பு மாற்றி, படுக்க வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு செக்கரம்மா செய்ய வேண்டியது மாத்திரை கொடுப்பதும் போர்வையைச் சரிசெய்வதும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆயாம்மாவுக்கு லீவு. அன்றைக்கு எல்லாம் மகள் பொறுப்பு.

அம்மாவுக்கு இப்போது மிச்சமிருப்பவை மூன்றே வார்த்தைகள். 'சரி', 'போதும்', அப்புறம் 'ஆயா'. ஒரு காலத்தில் தெருவில் எந்தச் சண்டையையும் பேசியே ஜெயித்த வாய் அது. மகளைக் கூப்பிட ஒரு வார்த்தை மிஞ்சவில்லை என்பதில் செக்கரம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு குமுறல் உண்டு. பெற்ற மகளை விட்டுவிட்டு நேற்று வந்தவளைக் கூப்பிட நாக்கு வருகிறதே என்று ஒருநாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதும் இருக்கிறாள். இதை யாரிடம் சொல்ல?

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை மாலை, போர்வையை இழுத்துவிடும்போது நைட்டியின் கை விலகியது. அம்மாவின் வலது மேல்கையில் கன்றிப்போயிருந்தது. ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஒன்று. பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது என்ன என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு மனிதக் கையின் பிடி.

"யாரும்மா பிடிச்சது? ஆயாவா?" என்று கேட்டாள்.

"ஆயா," என்றாள் அம்மா.

அது பதிலா, கூப்பிடுதலா, கேட்டதைத் திருப்பிச் சொன்னதா? யார் கண்டது. செக்கரம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை ஆயாம்மா வந்ததும் "இது எப்படி ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை. கேட்கவில்லை. மத்தியானமே ஒரு கடைக்குப் போய், கடிகாரத்துக்குள் கேமரா ஒளிந்திருக்கும் சாமான் ஒன்றை வாங்கி வந்தாள். நேருக்கு நேர் கேட்கக் கூசுகிறவர்கள் ஒளிந்து பார்க்க மட்டும் கூசுவதில்லை.

அம்மாவின் கட்டிலுக்கு எதிரே அலமாரியில் அது உட்கார்ந்தது. பின்பக்கம் ஒரு சின்ன பட்டன். அழுத்தினால் ஊசிமுனை அளவு வெளிச்சம் வரும், படம் ஓட ஆரம்பிக்கும், அதைப் போனில் எங்கிருந்தும் பார்க்கலாம். காலையில் கிளம்பும்போது போடுவாள், மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அணைப்பாள். தன் வீட்டில் தன்னையே படம் பிடிக்க அவளுக்கென்ன பைத்தியமா?

"புதுக் கடிகாரம்," என்றாள் ஆயாம்மாவிடம், கேட்காமலேயே.

"நல்லா இருக்கு மேடம்," என்றாள் ஆயாம்மா.

முதல் நாள் சாப்பாட்டு இடைவேளையில், சட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து போனைத் திறந்தாள். பதிவான படத்தில் சரியாகப் பத்து மணிக்குத் திரை முழுக்க ஒரு மஞ்சள் துணி வந்தது. துணி விலகியதும் ஆயாம்மாவின் முகம், மூக்கும் கண்ணுமாக மிகப் பக்கத்தில். கண்ணாடியில் ஊதினாள், இன்னொரு தரம் துடைத்தாள், கடிகாரத்தைத் துளி திருப்பி வைத்தாள். இப்போது கட்டில் முழுசாகத் தெரிந்தது. முன்பு கால்மாடு வெட்டுப்பட்டிருந்தது. அதிர்ஷ்டந்தான் என்று செக்கரம்மா நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு அந்தத் துணி வந்தது, தினமும் படம் பளிச்சென்று இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அம்பு ஒட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் வேறு. தான் தூசியில் ஒட்டிய அம்புகளை ஆயாம்மா நகத்தால் நோகாமல் உரித்து மாத்திரைப் பெட்டிகளில் ஒட்டுவதைப் பார்த்தாள். மேல் பார்த்த அம்பு காலை மாத்திரை, கீழ் பார்த்த அம்பு இரவு மாத்திரை. எட்டு மாதமாகச் செக்கரம்மா அந்த அம்புகளைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுக்கிறாள். மருந்துக் கடைக்காரன் ஒட்டித் தருவதாக நினைத்திருந்தாள். தன் சொந்த ஸ்டிக்கரே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அம்மாவைத் தூக்குவதையும் பார்த்தாள். ஆயாம்மா கையைத் தொடவே மாட்டாள். முன்னால் வந்து நின்று, தன் முழங்காலை அம்மாவின் வலது முழங்காலுக்கு அண்டக் கொடுப்பாள். இரண்டு கைகளும் முதுகைச் சுற்றிப் போகும். "ஒண்ணு," என்பாள். "ரெண்டு," என்பாள். பிறகு நிற்பாள். சில சமயம் இரண்டு விநாடி, சில சமயம் அரை நிமிஷம். அம்மாவின் வாயிலிருந்து "சரி" வந்தால்தான் எழும்புவார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. 'சரி' வராவிட்டால் ஆயாம்மா விலகி உட்கார்ந்துகொண்டு எதிர்வீட்டுப் பூனையின் நாலாவது பிரசவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

இவ்வளவும் பார்த்தவளுக்கு மனசு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவும் தொடங்கியது. ஆனால் பதின்மூன்றாம் நாள், அதுவும் ஒரு திங்கட்கிழமை, அம்மாவின் அதே கையில் அதே நான்கும் ஒன்றும் புதிதாக நீலம் பாரித்திருந்தன.

அப்படியானால் குளியலறையில்தான் நடக்கிறது, கேமராவுக்கு எட்டாத இடத்தில் என்று அவள் தீர்மானித்தாள். முகத்தில் சிரிப்பு, மறைவில் முரட்டுத்தனம், எமகாதகி என்று மனசுக்குள் திட்டினாள். திங்களுக்கு முந்தின நாள் ஞாயிறு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்கு அந்த வாரம் முழுக்கத் தோன்றவில்லை.

வேறோர் ஆளைத் தேடிப் பிடித்தாள். சனிக்கிழமை மாலை வந்து, வழக்கம்போல் கடிகாரத்தை அணைத்துவிட்டு, துண்டு மடித்துக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம் சொன்னாள்.

"ஆயாம்மா, நீ புதன்கிழமையோட நின்னுக்கோ. வேற ஆள் வர்றாங்க."

ஆயாம்மாவின் கை துண்டின் மேலேயே நின்றது. "ஏன் மேடம்? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு மாறுதலுக்குத்தான்."

இதுதான் வேலை கொடுக்கிறவர்களின் பொய்களிலேயே சோம்பேறிப் பொய். ஆயாம்மா தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் வலது கையை ஒரு முறை பார்த்தாள். அலமாரியை ஒரு முறை பார்த்தாள். "சரி மேடம்," என்றாள். செக்கரம்மா பின்கட்டுக்குத் துணி எடுக்கப் போனாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை என்பதுதான் நிஜம். திரும்பி வந்தபோது ஆயாம்மா கிளம்பிப் போயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா ஞாயிறையும் போலத்தான் போனது. திங்கள் காலை கிளம்பும்போது கடிகாரத்தின் பட்டனை அழுத்தினாள். வெளிச்சம் அணைந்தது. என்னடா இது, தப்பாக அழுத்திவிட்டோமா என்று மறுபடி அழுத்தினாள், வெளிச்சம் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மத்தியானம் போனைத் திறந்தபோது விஷயம் புரிந்தது. சனிக்கிழமை மாலை ஆறு நாற்பத்திரண்டிலிருந்து படம் ஓடியிருக்கிறது. தொட்டாள். திரை முழுக்க ஆயாம்மாவின் முகம். அவள் நேராகக் கேமராவைப் பார்த்தாள். வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மேடம், நாளைக்கு எனக்கு லீவு. ஞாயித்துக்கிழமையும் பாருங்க."

அவ்வளவுதான். முகம் விலகியது.

செக்கரம்மாவின் கையிலிருந்த டப்பாவின் மூடி கீழே விழுந்து உருண்டது. இவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதுதான் முதலில் வந்த பயம். குட்டு வெளிப்பட்ட கூச்சத்தில் காது மடல் சுட்டது. ஞாயிற்றுக்கிழமையில் என்ன இருக்கப் போகிறது, நானும் அம்மாவும்தானே என்று முணுமுணுத்துக்கொண்டே படத்தை ஓட்டினாள்.

காலை ஒன்பதரை. ஒரு பெண் வேகமாக உள்ளே வருகிறாள். தலை ஒரு பக்கம் அவிழ்ந்திருக்கிறது, தோளில் துண்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். "இதோ, அம்மாவக் குளிக்க வைக்கணும், அப்புறம் பேசறேன்," என்று போனைப் படுக்கையில் எறிகிறாள். கட்டிலின் வலது பக்கம் வந்து நின்று, அம்மாவின் விழுந்துபோன அந்தக் கையை, மேல்பக்கத்தில், ஒரே பிடியாகப் பிடிக்கிறாள். "எழுந்திரும்மா. நேரமாச்சு." இழுக்கிறாள்.

"போதும்," என்கிறாள் அம்மா.

"இதோ ஆச்சும்மா."

"போதும். போதும்."

"கொஞ்சம் நீயும் எழும்பணும்மா, நான் ஒருத்தி எவ்வளவுதான் தூக்குவேன்?"

அம்மாவின் நல்ல கை படுக்கை விளிம்பைப் பற்றுவதும் நழுவுவதுமாக இருக்கிறது. ஐந்து முறை 'போதும்' வந்ததைச் செக்கரம்மா எண்ணினாள். அந்தப் பெண் ஒன்றைக்கூடக் காதில் வாங்கவில்லை. அம்மா எதற்கெடுத்தாலும் 'போதும்' என்பாள், அதையெல்லாம் யார் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று விட்டுவிட்ட காது அது. எழுந்து நின்றதும் அம்மாவின் முகம் கேமரா பக்கம் திரும்பியது. அதைப் பார்த்தவுடன் செக்கரம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பக்கத்து மேஜைக்காரி, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். செக்கரம்மா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்கு விரல், ஒரு கட்டை விரல். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் தைத்த தையலிலெல்லாம் பிழை கண்டுபிடித்த கை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஆயாம்மா தரையில் கதவோரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே நாற்காலி காலியாகக் கிடந்தது. மேடத்தை அந்த நேரத்தில் பார்த்ததும் தட்டோடு எழப் போனாள்.

"உக்காரு, உக்காரு. சாப்பிடு," என்று சொல்லிவிட்டு, செக்கரம்மாவும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எப்போலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"முதல் நாளே தெரியும் மேடம். இந்த வீட்ல இருக்கிற ஒவ்வொரு சாமானையும் தினம் தொடைக்கிறவ நான். எந்தக் கடிகாரத்துக்கு மேடம் கண்ணு இருக்கு?"

"தெரிஞ்சுமா தினமும் தொடச்சே?"

"தூசி இருந்தா உங்களுக்குச் சரியாத் தெரியாதே."

கிண்டலா, நிஜமா என்று முகத்தைப் பார்த்தாள். ஆயாம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள், பாதி கிண்டல் இருக்கத்தான் செய்தது.

"கையைப் பத்தி ஏன் சொல்லல?"

ஆயாம்மா விரலைத் தட்டிலேயே வழித்துவிட்டு நிமிர்ந்தாள். "எப்படி மேடம் சொல்றது? பெத்த மக கையாலதான் காயம் வருதுன்னு வேலைக்காரி வந்து சொன்னா, நீங்க நம்பியிருப்பீங்களா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அன்றைக்குச் சொன்ன பொய்யே போதும் என்று அடக்கிக்கொண்டாள். "நம்பியிருக்க மாட்டேன். உன்னத்தான் திட்டியிருப்பேன்."

"அதான். நீங்க வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்கல்ல, லேசா அழுத்தினாலே கன்னிடும். ஆனா அந்தக் கையப் பிடிச்சு இழுக்கக் கூடாது மேடம். தோள் மூட்டே கழண்டுடும். எத்தனையோ தரம் உங்க முன்னாடியே நான் தூக்கிக் காட்டினேன். நீங்க போனைப் பாத்துட்டு இருந்தீங்க."

செக்கரம்மா விருட்டென்று எழுந்தாள். அலமாரிக்குப் போய் அந்தக் கடிகாரத்தைக் கையில் எடுத்தாள். "இதைக் கொண்டுபோய்க் குப்பையில போடறேன். பண்ணினது தப்புதான். மன்னிச்சுடு. நீ புதன்கிழமை நிக்க வேண்டாம், எப்பவும் வா. இனிமே உன்ன யாரும் பாக்க மாட்டாங்க."

நல்ல வார்த்தை சொல்லிவிட்டோம், ஆயாம்மாவின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். மலரவில்லை.

"அது இருக்கட்டும் மேடம்."

"எதுக்கு?"

"நாளைக்கு அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, எனக்காகப் பேச அது ஒண்ணுதான் இருக்கு."

வீட்டில் இத்தனை நாள் யார் யாரை நம்பவில்லை என்று செக்கரம்மா நினைத்திருந்தாளோ, அது தலைகீழாகக் கவிழ்ந்தது. எட்டு மாதமாகத் தன் அம்மாவைக் கழுவித் துடைக்கிறவள், தன்னை நம்பாமல் ஒரு பொம்மைக் கடிகாரத்தை நம்புகிறாள். கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தால் ஓர் ஆளும் அகப்படவில்லை, தன்னைத் தவிர. இருந்த இடத்திலேயே கடிகாரத்தைத் திரும்ப வைத்தாள்.

"இருந்தா ஒண்ணு பண்ணுங்க," என்றாள் ஆயாம்மா. "ஞாயித்துக்கிழமையும் ஓடட்டும். நீங்க என்னைப் பாக்கறீங்க. நான் உங்களைப் பாக்கறேன்."

அப்படியே ஏற்பாடாயிற்று. ஆயாம்மாவின் போனிலும் கேமரா படம் தெரியும்படி செக்கரம்மாவே ஏற்றிக் கொடுத்தாள். அன்று மாலையே தூக்கிப் பார்க்கவும் முயன்றாள். முழங்காலை அண்டக் கொடுத்து, முதுகைச் சுற்றிப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எழுப்பப் போனவளின் தோளில் ஆயாம்மா தட்டினாள்.

"மூணு உங்களோடது இல்ல மேடம். அது அம்மாவோடது."

நின்றாள். அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள், அவள் கைகளைப் பார்த்தாள். "போதும்," என்றாள். செக்கரம்மா கைகளை எடுத்துவிட்டாள். அம்மா சொல்லி அவள் நிறுத்தியது, பக்கவாதம் வந்த பிறகு அதுதான் முதல் தடவை. "ஆயா," என்றாள் அம்மா. ஆயாம்மா வந்து தூக்கினாள். செக்கரம்மா ஒதுங்கி நின்று, இந்த முறை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு அம்மா இரண்டு முறைதான் எழுந்தாள். மற்ற நேரமெல்லாம் படுக்கையிலேயே துடைத்துவிட வேண்டியதாயிற்று. திங்கள் மாலை வீடு திரும்பியபோது கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தாள். தூசி இல்லை.

"கால அவ்வளவு தள்ளி வச்சா இடுப்பு போயிடும்," என்றாள் ஆயாம்மா, பையை மாட்டிக்கொண்டே. "அங்க வைங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் தன் வேலையில் ஒருவரும் அம்பு ஒட்டியதில்லை. சுருக்கென்றது. தூசிக்கு அம்பு ஒட்டினால் யாருக்கும் வலிக்காது என்ற தன் பழைய தீர்மானம் நினைவுக்கு வந்து, இன்னொரு முறை சுருக்கென்றது. "வீட்ல தூசி இருந்தா இனிமே வாயால சொல்றேன், ஆயாம்மா," என்றாள். ஆயாம்மா சிரித்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் போனில் பார்த்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முந்தின மாலையே செக்கரம்மா அவளை உட்காரச் சொல்லியிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

அதற்கடுத்த ஞாயிறு காலை ஒன்பதரை. போனை அடுக்களையிலேயே வைத்துவிட்டு வந்தாள். அம்புக்குறியின் மேல் காலை வைத்தாள். முழங்காலோடு முழங்கால். கைகள் முதுகைச் சுற்றின. அம்மாவின் தலை அவள் தோளில் சாய்ந்தது, சோப்பு வாசனையும் மாத்திரை வாசனையுமாக.

"ஒண்ணு," என்றாள்.

"ரெண்டு."

பிறகு வாயை மூடிக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு வண்டி போயிற்று. எதிர்வீட்டுப் பூனை கத்தியது. முதுகு வலித்தது. கையை எடுத்துவிடலாமா, அம்மா 'ஆயா' என்று கூப்பிட்டால் இன்றைக்கு யாரும் இல்லையே என்று தோன்றியது. அம்மாவின் நல்ல கை மெல்ல மேலே வந்து அவள் முதுகில் படிந்தது.

"சரி," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தார்கள். செக்கரம்மாவுக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது, துடைக்கக் கை இல்லை. அம்மாவை அணைத்துப் பிடித்தபடியே அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பி, அந்தக் கடிகாரத்திடம் சத்தமாகக் கேட்டாள்:

"ஆயாம்மா, பாத்தீங்களா?"